புட் ஆஃப், போஸ்ட்போன்: நாள் குறிக்காத வேலைக்கு எது?

இன்றைக்குச் செய்ய வேண்டியதைப் பின்னால் தள்ளுவதைச் சொல்ல, ஆங்கிலத்தில் இந்த இரண்டும்தான் சட்டென்று வாயில் வரும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்று அகராதி சொல்லும். போஸ்ட்போன் கொஞ்சம் விறைப்பு, புட் ஆஃப் பேச்சு வழக்கு. இதுவும் தெரிந்த கதைதான். நெடுநாள் போஸ்ட்போனையே பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதும்போதும் புட் ஆஃப் பக்கம் வந்துவிட்டேன். விறைப்பு மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

முக்கியக் காரணம் தேதி. போஸ்ட்போன் என்று சொன்னாலே, முன்பே குறித்துவைத்த ஒரு நாள் இருந்தது என்ற எண்ணம் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். 2020 மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்ஸை போஸ்ட்போன் செய்தார்கள். அந்த ஜூலை 24-இல் தொடங்க வேண்டியது 2021 ஜூலை 23-க்குப் போனது. அங்கே அந்தச் சொல் கச்சிதம். ஆனால் அன்றாடம் நாம் தட்டிக்கழிக்கும் வேலைகளில் பலவற்றுக்கு நாளே குறித்திருக்க மாட்டோம். பல் வலிக்கிறது, டாக்டரிடம் போக வேண்டும், போகவில்லை. 'ஐ போஸ்ட்போன்ட் கோயிங் டு தி டென்டிஸ்ட்' என்றால், அப்பாயின்ட்மென்ட் வாங்கி அதை மாற்றிவைத்த மாதிரி இருக்கிறது. 'ஐ கெப்ட் புட்டிங் இட் ஆஃப்' என்று சொல்லிப் பாருங்கள். அப்பாயின்ட்மென்டே வாங்கவில்லை, பயமோ சோம்பலோ இழுத்தடித்தது என்பது சொல்லாமலே புரிந்துவிடும். முன்னால் நிற்கிற அந்த 'கெப்ட்' வேறு, 'நாளைக்கு, நாளைக்கு' என்று ஓடிய நாட்களையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. தமிழிலும் கூட்டத்தை ஒத்திவைப்போம். மன்னிப்புக் கேட்பதைத் தள்ளித்தான் போடுவோம்.

நாள் குறித்த விஷயத்துக்கும் புட் ஆஃப் வரும்: 'தி மேட்ச் ஹாஸ் பீன் புட் ஆஃப் டில் சாட்டர்டே'. அதாவது இது இரண்டு பக்கமும் ஓடும். போஸ்ட்போன் அவ்வளவு தாராளம் இல்லை. ஆனால் கல்யாணம், குழந்தை, ஓய்வு மாதிரி பெரிய முடிவுகளுக்கு, தேதி இல்லாவிட்டாலும் போஸ்ட்போன் போடுகிறார்கள். யோசித்து எடுத்த முடிவு என்ற தொனி அதில் இருக்கிறது.

சரி, புட் ஆஃபில் தொல்லையே இல்லையா? இருக்கிறது. 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. 'இட்'-க்குப் பதில் 'தி மீட்டிங்' என்று பெயரையே சொன்னால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். பின்னால் வினை வந்தால் இரண்டு சொல்லுக்குமே 'கோயிங்' வடிவம்தான், 'டு கோ' கிடையாது. இதைவிடப் பெரிய வில்லங்கம், ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் அர்த்தமே மாறிவிடலாம் என்பது. 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் நாற்றம் என்னைத் தள்ளிப்போடவில்லை; எனக்கு வெறுத்துப்போனது. 'ஆஃப்-புட்டிங்' என்கிறார்களே, அது இந்த வழியில் வந்ததுதான்.

இடையில் 'கால் ஆஃப்', அதாவது ரத்து செய்வது, அதையும் இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதே 2020-இல் விம்பிள்டன் கால் ஆஃப் ஆனது. அந்த ஆண்டுப் போட்டி நடக்கவே இல்லை.

அலுவலக மெயிலில் மட்டும் நான் இன்னும் போஸ்ட்போன்தான் எழுதுகிறேன். வாடிக்கையாளருக்கு 'வீ ஆர் புட்டிங் ஆஃப் தி ரிவ்யூ' என்று அனுப்பினால், இவர்களுக்கு மனசில்லை போலிருக்கிறது என்று அவர் நினைக்க வாய்ப்புண்டு. 'வீ ஹாவ் போஸ்ட்போன்ட் தி ரிவ்யூ டு மண்டே' என்றால் திங்கட்கிழமை வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார்.