தூண்டிலில் பிடித்த சூரை மீன் டின்: வாங்கலாமா?

வாங்கலாம், லேபிளைத் திருப்பிப் படித்த பிறகு. வெறும் ‘டூனா’ என்று மட்டும் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். மீனின் இனம், பிடித்த கடற்பகுதி, பிடித்த முறை மூன்றும் இருக்க வேண்டும். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு (FAO) தரும் கடற்பகுதி எண் 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 என்றால் கிழக்கு.

இனத்தில் ஸ்கிப்ஜாக்தான் எங்கள் தேர்வு. சுமார் 40 முதல் 45 செ.மீ. நீளத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். வெப்பமண்டலக் கடலில் ஆண்டு முழுவதும் முட்டையிடும். அதனால் பிடித்தாலும் எண்ணிக்கை விரைவில் மீளும். ஆயுள் குறைந்த சிறு மீன் என்பதால் பாதரசமும் பெரிய சூரைகளைவிடக் குறைவு.

சிக்கல் அதோடு சேர்ந்து நீந்தும் மீன்களில்தான். கடலில் மிதவைகளை விட்டு, அடியில் கூடும் கூட்டத்தைச் சுருக்குவலையால் வளைத்தால், இன்னும் முட்டையிடாத மஞ்சள்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரைக் குட்டிகளும் சிக்கிவிடும். எதிர்முள் இல்லாத கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கும்போது ஆமையும் சுறாவும் மாட்டுவது மிக அரிது. இதிலும் ஒரு குறை உண்டு: உயிருள்ள இரைமீன் நிறையத் தேவை. அந்தப் பிடிப்புக்குக் கணக்கு வைக்கிறார்களா என்று தயாரிப்பாளரிடம் கட்டாயம் கேளுங்கள்.

நீரில் அடைத்ததே மேல். எண்ணெயில் அடைத்ததை வடித்தால் ஒமேகா-3 கொஞ்சம் அதோடு போய்விடும். வாயில் வைத்ததும் மிளகுபோலச் சுரீரென்றால் துப்பிவிட்டு டின்னையே கொட்டிவிடுங்கள். அது ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருளாக இருக்கலாம். பிடித்தவுடன் மீனைக் குளிர வைக்காவிட்டால் பாக்டீரியா உண்டாக்குவது. வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது.