அடிக்கரும்பா, நுனிக்கரும்பா?

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு தின்று வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல: அடியிலிருந்து கடிப்பதா, நுனியிலிருந்தா? ஈஸ்ட் செல்லுக்குள், ஆர்.என்.ஏ. என்னும் இழை வடிவ மூலக்கூறைத் தின்று அழிப்பதிலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு. ஆர்.என்.ஏ. உருவாகத் தொடங்கும் 5 பிரைம் முனையை அடி என்றும், முடியும் 3 பிரைம் முனையை நுனி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து தின்பது எக்ஸ்ஆர்என்1. நுனியிலிருந்து தின்பது எக்சோசோம்.

எக்ஸ்ஆர்என்1 தனி ஆள், ஒரே புரதம். ஆனால் ஜீனின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் அடியில் தொப்பி எனப்படும் காப்பு மூடி இருக்கும்வரை அதன் பல் இறங்காது. முதலில் நுனியிலுள்ள ஏ-வால், அதாவது வரிசையாக ஏ எழுத்துகளாலான வால், குறைய வேண்டும். அப்புறம் டிசிபி2 நொதி தொப்பியைக் கழற்ற வேண்டும். எக்ஸ்ஆர்என்1 கடிக்கும் திசையைப் பிடித்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூதின் உள்ளே வரிசையாக 18 ஜி எழுத்துகளைச் செருகினார்கள். கணுவில் பல் சிக்கியதுபோல நொதி அங்கே நின்றது. அடி காலி, நுனித்துண்டு மிச்சம். எந்தப் பக்கமிருந்து கடித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எக்சோசோமோ கரும்பு ஜூஸ் மெஷின். 1997இல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். ஒன்பது புரதங்கள் சேர்ந்த பீப்பாய். ஈஸ்ட்டில் அந்த ஒன்பதும் கடிக்காது. உள்ளே நுழையும் இழையை பீப்பாயின் அடிப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆர்ஆர்பி44 என்ற நொதி நறுக்கும். உட்கருவில் ஆர்ஆர்பி6 என்ற இன்னொரு நொதி துணைக்கு வரும். அழிப்பது மட்டுமல்ல, புரதம் செய்யும் ரைபோசோமின் 5.8எஸ் ஆர்.என்.ஏ.வுக்கு நுனியைச் செதுக்கிக் கொடுப்பதும் இதுவே.

சரி, எது இல்லாமல் பிழைக்கலாம்? எக்ஸ்ஆர்என்1 ஜீனை நீக்கினால் ஈஸ்ட் மெதுவாக வளரும், சாகாது. எக்சோசோமின் மையப் புரதங்களை எடுத்தால் செத்துவிடும். அதற்காக எக்ஸ்ஆர்என்1ஐ இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். ஈஸ்ட்டின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே, தூதுகளை அழிக்கும் பெரும்பாலான வேலை அதனுடையதுதான். சைட்டோபிளாச எக்சோசோமுக்கு உதவும் ஸ்கி2 புரதத்தையும் சேர்த்து நீக்கினால், இரண்டு வழியும் அடைபட்டு செல் சாகும்.

எக்ஸ்ஆர்என்1க்கு ஸ்கி1 என்றும் பெயர். ஸ்கி என்றால் சூப்பர்கில்லர். சில ஈஸ்ட்களில் குடியிருக்கும் வைரஸ், பக்கத்து ஈஸ்ட்டைக் கொல்லும் நஞ்சைச் செய்யவைக்கும். இந்த நொதி போனால் வைரஸின் ஆர்.என்.ஏ. பெருகி நஞ்சும் கூடும். புதுச்சேரிக் கள்ளுக்கடைப் பானையில் நுரை கிளப்புவதும் இதே ஈஸ்ட், சாக்ரோமைசிஸ் இனம்தான்.

ஆய்வகத்தில் முதன்முதலாக ஒரு மியூட்டன்ட், அதாவது ஜீன் மாறிய வகை, வளர்க்கப் போகிறவர் கேட்டால், எக்ஸ்ஆர்என்1 நீக்கிய ஈஸ்ட்டையே கையில் கொடுப்பேன். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.