வெளுக்கிற கிறீம் இல்லை மச்சாள், கடிக்கிற ஜெல்

போன கிழமை கல்லடியில் ஒரு சாமத்திய வீடு. சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் மச்சாள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "என்ன கிறீம் கா பூசுறாய்? மூஞ்சி நல்லா வெளுத்துப் போச்சு. எனக்கும் சொல்லன்."

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். கோபம் வந்ததால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பூசுவது முகத்தில் வந்த ஒரு தோல் வருத்தத்துக்கு டொக்டர் தந்த அசெலெயிக் அமிலம் 15 வீத ஜெல். 2021 கடைசியில் தொடங்கினது. அது வெளுக்கிற கிறீம் இல்லை. வெளுக்கிற கிறீமால்தான் நான் இந்த ஜெல்லில் வந்து விழுந்தேன்.

அந்தக் கதை சுருக்கமாக. பெயரும் இல்லாமல் உள்ளே என்ன இருக்கிறதென்றும் அச்சடிக்காமல் ஒரு சின்ன டப்பியில் விற்ற கிறீம். பத்து நாளில் முகம் கண்ணாடி. விட்டால் கன்னமும் மூக்கும் அடுப்படியில் நிற்கிற மாதிரி எரியும், சின்னச் சின்னப் பருக்கள் எழும்பும். திரும்பப் பூசினால் அடங்கும். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேய்த்துவிட்டா, இன்னும் மோசம். தோல் டொக்டர் முதலில் துவாரம் அடைத்துக் கறுத்து நிற்கிற முனை இருக்கிறதா என்றுதான் தேடினார். சாதாரண முகப்பருவில் அது இருக்கும், எனக்கு இல்லை. ரோசேசியா என்றார், முகம் சிவந்து எரிந்து பருப்போடுகிற, விட்டு விட்டு வருகிற தோல் வருத்தம். டப்பிக்குள் ஸ்டெரொயிட் இருந்திருக்க வேண்டும், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மூடிவைக்கும், விட்டதும் எல்லாம் விரிந்து இரட்டிப்பாக வரும் என்றார். நம்முடைய நிறத்தில் அந்தச் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. மங்கின செம்மண் நிறம். கையை வைத்துப் பார்த்தால்தான் சூடு தெரியும். அதனால்தான் ஒரு வருடமாக எல்லோரும் "வெயில் பட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு மாதம் டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் குளிசையும் தந்தார். பாலோடு போடக்கூடாது, எனவே காலைப் பால்தேத்தண்ணி பிளேன்டீ ஆனது, அதுவும் ஆறவிட்டு, ஏனென்றால் சூடான எதுவும் முகச் சிவப்பை ஏற்றிவிடும். ஒருநாள் குளிசையைப் போட்டு உடனே சரிந்து படுத்துவிட்டேன். நெஞ்சு இரண்டு நாள் எரிந்தது. நிறையத் தண்ணீர் குடித்து, நிமிர்ந்து இருங்கள்.

இனி ஜெல். சுத்தமாகக் கழுவித் துடைத்த முகத்தில், பயறளவு, காலையும் இரவும். நான்காம் கிழமை புதுப் பருக்கள் குறைந்தன, மூன்றாம் மாதம் கன்னம் தடவப் பட்டுப் போல. சிவப்பு பாதிதான் குறைந்தது. சிவப்பைச் சில மணிநேரம் அடக்க பிரிமோனிடின் என்று வேறொரு ஜெல் இருக்கிறது. அதன் வேலை முடிந்தால் சிலருக்கு முன்னைவிடச் சிவக்கும் என்று டொக்டர் சொன்னதும் எனக்கு அந்த டப்பிதான் கண்ணுக்குள் வந்தது. வேண்டாம் என்றேன்.

சரி, கடி. பூசின இரண்டாம் நிமிடம் மூக்கோரத்தில் முசுறுக் கூடு கலைந்த மாதிரி. சொறியவும் ஒண்ணா. கால் மணிநேரம். சில கிழமையில் பழகிவிடும் என்றார் டொக்டர், பெரும்பாலானவர்களுக்குப் பழகுகிறதாம். எனக்கு மாரியில் பழகுகிறது, கச்சான் காற்று எழும்பினால் மறுபடி புதிதாகத் தொடங்குகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரண்டு எங்கள் பக்கம் இறங்குகிற அந்தக் காற்றில் யாருடைய முகம்தான் சும்மா இருக்கும்? நான் ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலத்தால் படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போகிறவள். பாலத்தில் ஒரு மர நிழல் கிடையாது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முகம் வியர்த்து, வியர்வையோடு ஜெல்லும் கரைந்து கண்ணோரத்தில் இறங்கும். முதல் பாடம் முழுக்க டீச்சர் அழுகிற மாதிரி இருப்பா.

இப்போது முதலில் ஈரப்பதக் கிறீம், கால் மணி கழித்து ஜெல் என்று மாற்றியிருக்கிறேன். கடி பாதியாகிறது. கச்சான் நாட்களில் காலைப் பூச்சை விட்டுவிட்டு இரவு மட்டும். வெயிலுக்குச் சிங்க் ஒக்சைட் கிறீம் போட்ட முதல் நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை, "டீச்சர், கோயிலுக்குப் போய்ட்டா வாறீங்க?" என்று கேட்டான். பிறகு தோல் நிறம் கலந்தது வாங்கினேன். வெயில் கிறீம் இல்லாமல் ஜெல்லுக்குச் செலவழிக்கிற காசு வீண்.

2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் ஒரு பாமசியிலும் ஜெல் இல்லை. கட்டாரிலிருந்து தம்பி இரண்டு ரியூப் அனுப்பும்வரை இரண்டு மாதம் சும்மா இருந்தேன். ஆறாம் கிழமையே பருக்கள் திரும்பிவிட்டன. இது வருத்தத்தை அடியோடு மாற்றுகிற மருந்தில்லை, அடக்கி வைக்கிற மருந்து என்று அப்போதுதான் உறைத்தது.

எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று. பருக்கள் விட்டுப்போன கறுத்த அடையாளங்களும் மங்கின. நிறத்தை உண்டாக்குகிற நொதியை இந்த அமிலம் மட்டுப்படுத்துமாம். மச்சாள் கண்டது அதைத்தான். வெளுக்கவில்லை, கறை போயிருக்கிறது. டப்பி தருவதாகச் சொன்னதைக் கடைசியில் மருந்து தந்திருக்கிறது, அதுவும் நான் கேட்பதை விட்ட பிறகு. இதில் எனக்குள்ள சந்தோசத்தை மறைக்க மாட்டேன்.

சொன்ன வேலையைச் செய்தது, கேட்காததையும் செய்தது. இருந்தும் இந்தக் கடிக்காக நான் போடுகிற புள்ளி நூற்றுக்கு 40. பரீட்சைக் கணக்கில் எஸ், வெறும் சாதாரண சித்தி. மாரி வந்தபின் கேட்டால் ஒரு படி மேலே சி தருவேன், இப்போது கச்சான்.

நேற்று மச்சாளுக்குக் கோல் எடுத்து, "வாங்காத, முதல்ல தோல் டொக்டரிட்டக் காட்டு" என்றேன். "சொல்ல விருப்பமில்லாட்டி விடு கா" என்று வைத்துவிட்டாள். மணி எட்டரை. பூசிவிட்டுத்தான் எழுதுகிறேன், மூக்கோரம் இன்னும் அடங்கவில்லை.