எது பசுமை? வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்

என் அலமாரியில் பதினோரு துணிப்பைகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. கருத்தரங்கு, கண்காட்சி, ஏதோ ஒரு தொடக்கவிழா என்று போன இடத்தில் எல்லாம் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று அச்சடித்துக் கையில் திணித்தவை. நான் வெளியே எடுத்துப் போவது அவற்றில் இரண்டை மட்டும்தான். மற்ற ஒன்பதும் மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கின்றன.

துணிப்பையா, பிளாஸ்டிக் பையா என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் துணிப்பை என்றுதான் சொல்வோம். ஆனால் பருத்தி விளைய நீர், உரம், நிலம் வேண்டும். பிறகு நூற்க, நெய்ய, சாயம் போட மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவியைக் குறைவாகச் சூடாக்க வேண்டுமானால், அதைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும். டென்மார்க் அரசு 2018-ல் சற்றுத் தடித்த பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டபோது 52 முறை என்று வந்தது. வாரம் இரண்டு முறை கடைக்குப் போகிறவருக்கு 131 என்பது ஒன்றேகால் ஆண்டு. என் இரண்டு பைகள் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டன. மடிப்புக் கலையாத ஒன்பதும் பிளாஸ்டிக்கைவிட மோசமானவை. பிளாஸ்டிக் பை ஆற்றிலும் கடலிலும் போய்ச் சேர்கிறதே என்றால், உண்மைதான். அது வேறு கணக்கு, அதில் துணிப்பைதான் ஜெயிக்கும். கார்பன் கணக்கில், அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கில் மட்டும், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பைதான், அது எந்தப் பையானாலும், முதலிடம்.

பையின் கணக்கை எத்தனை முறை என்பதால் வகுத்தோம். வண்டியின் கணக்கை எத்தனை பேர் என்பதால் வகுக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். எரிந்தால் அது 2.3 கிலோ கரியமில வாயு ஆகிறது. (எடை எப்படிக் கூடியது என்றால், காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் வந்து சேர்ந்துகொள்கிறது.) லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 150 கிராமுக்குச் சற்று மேல். நான்கு பேர் போனால் ஆளுக்கு 40 கிராம்கூட இல்லை. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் இருசக்கர வண்டியில் ஒருவர் போனால் 51 கிராம், இருவர் போனால் 26. பேருந்தை எடுத்துக்கொள்வோம். டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு 670 கிராம் சொச்சம். நாற்பது பேர் இருந்தால் ஆளுக்கு 17 கிராம். நான்கே பேரோடு ஓடும் கடைசிப் பேருந்தில் 169 கிராம்! தனியாகக் காரில் போவதைவிட அதிகம். அதற்காக இரவுப் பேருந்தை விட்டுக் காரை எடுக்க வேண்டாம். நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் பேருந்து போகத்தான் போகிறது. ஐந்தாவது ஆளாக ஏறுவதால் கூடும் புகை அனேகமாக ஒன்றுமில்லை, வகுக்கும் எண்தான் கூடுகிறது.

மின்சாரக் காருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: கம்பியின் மறுமுனையில் என்ன எரிகிறது? ஒரு கிலோமீட்டர் ஓட அதற்கு ஏறக்குறைய 0.15 யூனிட் போதும். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு 900 கிராம் போல வரும். அப்போது கிலோமீட்டருக்கு 135 கிராம், பெட்ரோல் காரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. காற்றாலை, சூரிய மின்சாரம் என்றால் ஒற்றை இலக்கத்தில் முடிந்துவிடும். பேட்டரியைச் செய்யும்போதே சில டன் வாயு வெளியேறியிருக்கும், அது கார் சாலைக்கு வரும் முன்பே ஏறிய கடன். சுத்தமான மின்சாரத்தில் அந்தக் கடன் சீக்கிரம் அடையும். முழுக்க நிலக்கரி என்றால் பல்லாண்டு ஓட்டினால்தான் அடையும். சரி, சைக்கிளும் நடையும்? ஒப்பிட ஒன்றுமே இல்லை, அவை இந்தப் போட்டிக்கே வெளியே நிற்கின்றன.

விமானம் மட்டும் இந்த வகுத்தலில் தப்ப முடியாது. பிரிட்டன் அரசின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் உள்நாட்டு விமானத்தில் ஒரு பயணிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 245 கிராம், ரயிலில் சுமார் 35 கிராம். விமானத்தின் எண்ணில், உயரத்தில் விடும் புகையின் கூடுதல் விளைவும் சேர்ந்திருக்கிறது. காரில் காலி இருக்கை இருந்தால் ஆள் சேர்க்கலாம். விமானமோ பெரும்பாலும் நிறைந்துதான் பறக்கிறது, வகுக்க இன்னும் ஆள் இல்லை.

சமையலறைக்கு வந்தால் எனக்கே வியப்பாக இருந்த ஒரு கணக்கு கேஸ் அடுப்புக்கும் இண்டக்ஷனுக்கும் இடையிலானது. கேஸ் அடுப்பின் சூட்டில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது, மீதி சமையல்காரரைத்தான் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் 85 சதவீதம் போல உள்ளே போகிறது. அப்படியானால் இண்டக்ஷன் ஜெயித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு யூனிட் வெப்பத்தைப் பாத்திரத்துக்குள் சேர்க்க எல்பிஜி ஏறக்குறைய அரை கிலோ கரியமில வாயுவை விடுகிறது. அதே வெப்பத்துக்கு, முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் எரியும் இண்டக்ஷன் ஒரு கிலோவுக்கு மேல் விடுகிறது. ஆம், இரட்டிப்பு. நீர்மின்சாரமோ காற்றாலையோ அணுமின்சாரமோ என்றால் சில பத்து கிராம்களில் முடியும். உங்கள் பகுதி மின்சாரம் யூனிட்டுக்கு 400 கிராமுக்குக் கீழே இருந்தால் இண்டக்ஷன் பக்கம் தைரியமாகப் போகலாம். மேலே இருந்தால் கார்பனுக்காக அவசரப்பட வேண்டாம். ஆனால் கேஸ் சுடர் அடுப்படிக் காற்றில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு கலக்கிறது, அதற்காக மாறுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, மின்கட்டமைப்பு சுத்தமாகச் சுத்தமாக இண்டக்ஷன் அடுப்பும் தானாகச் சுத்தமாகும். கேஸ் அடுப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்த அடுப்பானாலும் பாத்திரத்தை மூடி வையுங்கள்.

மின்விசிறியா, ஏசியா என்பது ஒருதலைப் போட்டி. கம்ப்ரசர் ஓடும்போது ஏசி ஒன்றரைக் கிலோவாட் வரை இழுக்கும். பழைய மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள மின்விசிறி 30 வாட் போல. வெக்கை தாங்காத இரவில் ஏசியை விடச் சொல்வது எளிது, கேட்பவருக்குத்தான் கஷ்டம். அதனால் உண்மையான போட்டி 22 டிகிரியில் ஓடும் ஏசிக்கும், 27 டிகிரியில் மின்விசிறியோடு சேர்ந்து ஓடும் ஏசிக்கும்தான். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆற்றி ஆளைக் குளிர்விக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் போடுவது லாபம்.

மின் கட்டணச் சீட்டில் வராத ஒன்றும் ஏசிக்குள் இருக்கிறது. ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு, அதே எடை கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன்னுக்குச் சமம், அதாவது சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். உலகச் சராசரியில் ஓர் ஆள் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயுவே ஐந்து டன்னுக்குக் கீழேதான். ஆர்-32 என்றால் 675 மடங்கு. ஆர்-290, அதாவது புரோப்பேன், மிகச் சொற்பம். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்காகவே 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன. பழுது பார்க்க வருகிறவர் 'கேஸ் குறைஞ்சிருக்கு, நிரப்பிடலாம்' என்பார். கசிவு எங்கே என்று பார்க்காமல் நிரப்ப விடாதீர்கள். வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுகிறவர்கள் வாயுவின் பெயரையும் ஒருமுறை பார்க்கலாம்.

பழையதை வைத்துக்கொள்வதா, சிக்கனமான புதியதை வாங்குவதா? போன் என்றால் பழையதுதான். அதன் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பகுதி செய்யும்போதே முடிந்துவிடுகிறது, எத்தனை ஆண்டு ஓட்டுகிறீர்களோ அத்தனையால் வகுபடும். இரவும் பகலும் ஓடும் பழைய குளிர்பதனப் பெட்டி என்றால் பதில் தலைகீழ். குண்டு பல்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

உணவில் 'அருகில் விளைந்தது' என்பதை நம்மில் பலர் பெரிதாக நினைக்கிறோம். 119 நாடுகளின் பண்ணைகளை அலசி 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், உணவின் மொத்த உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு ஆறு சதவீதம் போலத்தான். இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டின் இறைச்சி கிலோவுக்குச் சுமார் 60 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், பட்டாணி ஒரு கிலோ போல. கப்பலில் கடல் கடந்து வந்த பட்டாணிகூடப் பக்கத்து ஊர் மாட்டிறைச்சியை எளிதில் தோற்கடிக்கும். விமானத்தில் வரும் பழம், காயில் மட்டும் போக்குவரத்தின் பங்கு பெரிது. அப்புறம், வாங்கி அழுகவிட்டுக் குப்பையில் போட்டால் வகுக்கும் எண் பூஜ்யம்!

கடைசியாக, எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் ஒரு சண்டை. போன் எடுத்த பிறகும் சார்ஜரை பிளக்கிலேயே விட்டுவிடும் பழக்கம் எனக்கு. 'மின்சாரம் வீணாகுது' என்று அண்ணன் திட்டுவார். இன்றைய சார்ஜர்கள் சும்மா இருக்கும்போது 0.1 வாட் அல்லது அதற்கும் கீழேதான் எடுக்கின்றன. ஓராண்டு முழுக்கக் கழற்றாமல் விட்டால்கூட ஒரு யூனிட் ஆகாது. ஷவரில் பத்து நிமிடம் வெந்நீரில் நின்றால் 80 லிட்டர் போகும். அதை 25 டிகிரியிலிருந்து 40-க்குச் சூடாக்க 1.4 யூனிட் வேண்டும். இருபது லிட்டர் வாளியில் குளித்தால் 0.35 யூனிட்.

இந்தக் கணக்கை அண்ணனிடம் காட்டலாம் என்று நேற்றுப் போனேன். குளியலறையில் ஷவர் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.