மஞ்சள் பவளம் வாங்கப் போகிறீர்களா? சாயம் ஏற்றி விற்கிறார்கள், கவனம்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பவளம் வாங்கப் போங்கள். சென்னையில் ஒரு கடையில் 'ஃபிஜி மஞ்சள்' என்று சொல்லி எனக்கு விற்ற லெதர் கோரல் (தோல் போன்ற மென்மையான உயிருள்ள பவளம்), சாயம் ஏற்றியது. ஆறாயிரம் ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. ஓர் உயிரைச் சாயத்தில் முக்கி விற்கிறார்களே என்பதுதான் மனம் ஆறவில்லை.

இயற்கையாகவே மஞ்சளான லெதர் கோரல் ஃபிஜி கடலில் உண்டு, விலையும் அதிகம். அந்தப் பெயரை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். சாதாரண லெதர் கோரல் பழுப்பாக இருக்கும். அதன் சதைக்குள் வாழும் நுண்பாசி தரும் நிறம் அது. வெளிச்சத்தைக் கொண்டு பவளத்துக்குப் பெரும்பகுதி உணவைத் தயாரித்துத் தருவதும் அந்தப் பாசிதான். வழியில் அடிபட்டுப் பாசியை இழந்து வெளுத்துப்போன பவளத்தை யார் வாங்குவார்கள்? சாயம் ஏற்றினால் விலை போகிறது. ஆனால் சாயம் மறைப்பதால் மிஞ்சிய பாசிக்கும் வெளிச்சம் சரியாகக் கிடைக்காமல் பவளம் பட்டினியில் சுருங்குகிறது.

வீட்டுக்கு வந்த பவளம் பாலிப்புகளை (மேலே பூப்போல விரியும் சிறு உயிர்களை) நீட்டவே இல்லை. கேட்டதற்கு, "லெதர் தோல் உரிக்கும் சார், கொஞ்ச நாள் மூடித்தான் கிடக்கும், தொடாதீர்கள்" என்றார் கடைக்காரர். இதில் பாதி உண்மை. லெதர் கோரல் அவ்வப்போது மெழுகுபோன்ற படலத்தை உதிர்த்துவிட்டுப் புதிதாக விரியும். இங்கே படலம் எதுவும் உரியவில்லை. மஞ்சள்தான் திட்டுத்திட்டாகக் கரைந்து, கீழே வெள்ளை வெளேரென்ற சதை தெரிந்தது. தண்ணீரில் குறையில்லை: உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, காரத்தன்மை 8 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு). அதே தொட்டியில் என் பழைய லெதர் கோரல் நன்றாக விரிந்திருந்தது. கடைசியில் புதியதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அது ஒட்டியிருந்த கல்லின் பொந்துக்குள்ளும் அதே மஞ்சள். பவளத்தின் சொந்த நிறம் கல்லில் எப்படி ஏறும்?

ஆகவே வாங்கும்முன் நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். நீல ஒளியில் பல பவளங்கள் ஜொலிக்கும், வெளுப்பு தெரியாது. மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். தண்டு, தலை, பாலிப், கல் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பாலிப்புகள் விரிந்திருப்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் சொன்னதுதான் இன்னும் மோசம். பணத்துக்குப் பதிலாகக் கல்பவளம் (கல் போன்ற கூட்டை உருவாக்கும் பவளம்) ஒன்று தருகிறாராம், "ஃபார்மில் வளர்த்தது, பேப்பர் இருக்கிறது" என்றார். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. விற்றாலும் வாங்கினாலும் சிறைக்குப் போகும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைக் காக்க 1986இலேயே தேசியப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். இங்கே தொட்டிக்குள் கூவி விற்கிறார்கள். மறுத்துவிட்டு வந்தேன்.

பில்லில் பவளம் என்ற சொல்லே இல்லை, 'அலங்கார மீன்' என்று எழுதியிருக்கிறார்கள். பொருளின் பெயரைச் சரியாக எழுதி வாங்குங்கள். விற்கும்போது சொன்னதை வாட்ஸ்அப்பிலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பவளத்தைத் தூக்கி எறிய வேண்டாம். மிதமான ஒளி, நல்ல நீரோட்டம், வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் (சாயத்தை உறிஞ்சும் கரி), சிறிதளவு நுண்ணுணவு கொடுத்துப் பாருங்கள். சாயம் போய்ப் பழுப்பு நிறம் திரும்பினால் அது பிழைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். என்னுடையதன் தண்டில் இப்போதுதான் லேசாகப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது.