மியுராவா, டேடோனாவா?

1960களின் இந்த இரண்டு இத்தாலியக் கார்களில் சேகரிப்பவர் எதை வாங்கலாம்? லம்போர்கினி மியுராவின் முன்விளக்குகள் அணைந்திருக்கும்போது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். சுற்றிலும் கறுப்புக் கம்பிகள், கண்ணிமை மயிர் மாதிரி. விளக்கைப் போட்டால் மெல்ல எழுந்து சாலையைப் பார்க்கும். ஃபெராரி டேடோனாவிடம் இப்படி மயக்கும் கண் கிடையாது. நீண்ட மூக்கு, சட்டென்று வெட்டி நிறுத்திய வால், அவ்வளவுதான். இரண்டையும் வரைந்தவர்கள் 1938இல் பிறந்தவர்கள்: மியுராவை பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி, டேடோனாவை பினின்ஃபரினாவின் லியோனார்டோ ஃபியோரவாந்தி.

இன்று நல்ல நிலையில் உள்ள ஒரு மியுரா எஸ்.வி., அதாவது மியுராவின் கடைசி வகை, ஏலத்துக்கு வந்தால் 20 லட்சம் டாலரைத் தாண்டிப் போவது சாதாரணம். கூரை மூடிய டேடோனா கூபே அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. மியுரா மொத்தமே 760 சொச்சம், அதில் எஸ்.வி. 150. டேடோனா கூபே 1,280க்குப் பக்கம். மொத்தமாகப் பார்த்தால் எண்ணிக்கை இரண்டு மடங்குகூட இல்லை, விலையில் மட்டும் எப்படி இவ்வளவு தூரம்?

மியுரா ஒரு தொடக்கம். அதற்குத்தான் அந்த விலை. 1965 டூரின் கண்காட்சியில் லம்போர்கினி வைத்தது உடலே இல்லாத வெறும் அடிச்சட்டத்தை. பொறியாளர்கள் ஜியான் பாவுலோ தல்லாராவும் பாவுலோ ஸ்தான்சானியும், சோதனை ஓட்டுநர் பாப் வாலஸும் வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து உருவாக்கியது அது. 3.9 லிட்டர் வி12 எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தே பணத்தோடு ஆட்கள் வந்தார்கள். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் முழுக் காராக வந்து நின்றது. டேடோனா வந்தது அதற்குப் பிறகு, 1968 பாரிஸ் கண்காட்சியில், பழைய முறைப்படி எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு. பழமை என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. 1973இல் ஃபெராரியும் தன் 12 சிலிண்டர், இரண்டு இருக்கைக் காரில் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுபோனது. மறுபடி முன்னால் வைக்க 1996இல் 550 மாரனெல்லோ வரவேண்டியிருந்தது.

சரி, வாங்கியவர் ஓட்ட வேண்டாமா? அங்கேதான் கதை மாறுகிறது. மியுராவில் பெட்ரோல் தொட்டி முன்னால் இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய, வேகம் ஏற ஏற, மூக்கு லேசாகித் தூக்கும். எஞ்சின் மேலே நின்று பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் நான்கு வெபர் கார்புரேட்டர்கள் பந்தயக் கார்களுக்கானவை. சிக்னலில் நின்று மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின்மேல் விழும். பல மியுராக்கள் எரிந்தது இப்படித்தான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய் என்பதால், கியரில் தேயும் இரும்புத் துகள் எஞ்சினுக்குள்ளும் சுற்றும். கடைசிக் கால எஸ்.வி.க்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள். எஸ்.வி.க்கு விலை ஏற இதுவும் ஒரு காரணம். ஆனால் பெரும்பாலான எஸ்.வி.க்களில் அந்தக் கண்ணிமை மயிர் இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

டேடோனாவில் வேறு வகைச் சிரமம். நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். காலைக் குளிரில் இரண்டாவது கியர் விழாது, எண்ணெய் சூடாகும்வரை முதலிலிருந்து மூன்றுக்குத் தாவ வேண்டும். ஆனால் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் அந்தப் பாரமெல்லாம் காணாமல் போகும். 4.4 லிட்டர், 352 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டர். கியர்பாக்ஸ் பின்சக்கரங்களுக்கு நடுவே இருப்பதால் எடை முன்னும் பின்னும் பங்கிடப்பட்டிருக்கும். நாள் முழுக்க ஓட்டலாம். 1971இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் கேனன்பால் ஓட்டத்தில் பந்தய ஓட்டுநர் டான் கர்னியும் பத்திரிகையாளர் பிராக் யேட்ஸும் ஜெயித்தது டேடோனாவில்தான்.

சேகரிப்பவர் இரண்டிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும். டேடோனாவில் பெரிய பள்ளம், கூரை திறக்கும் ஸ்பைடர். தொழிற்சாலை செய்தது 122தான். விலை ஏறியதும் பலர் கூபேயின் கூரையை அறுத்து ஸ்பைடராக்கினார்கள். அசல் ஸ்பைடரின் விலையில் சிறு பங்குதான் அவற்றுக்கு. மியுராவில் முதல் வகையான பி400ஐ எஸ்.வி. மாதிரி மாற்றியவை உண்டு. ஃபெராரியின் கிளாசிக்கே, லம்போர்கினியின் போலோ ஸ்டோரிக்கோ, இரண்டும் தொழிற்சாலை ஏடுகளோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தருகின்றன. அது கையில் இல்லாத காருக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது.

அசலாக இருப்பதற்கு என்ன மதிப்பு என்பதற்கு 2017இல் மாரனெல்லோவில் நடந்த ஏலம் ஒன்று போதும். ஜப்பானில் பல்லாண்டு கிடந்த, அலுமினிய உடல் கொண்ட ஒரேயொரு சாலை டேடோனாவை, மேலிருந்த தூசியைக்கூடத் துடைக்காமல் நிறுத்தினார்கள். போன விலை 18 லட்சம் யூரோ.

என் வோட்டு டேடோனாவுக்கு. மியுராவை ஒரு சிற்பமாக நான் கும்பிடுகிறேன், ஆனால் அந்த விலை கொடுத்தவர் அதை மழையில் வெளியே எடுக்கமாட்டார். டேடோனாவை எடுப்பார். தேடுபவர் முதலிரண்டு ஆண்டுகளில் வந்ததைத் தேடட்டும். 1971இல் அமெரிக்கச் சட்டத்துக்காக விளக்குகளை மேலெழும்பும் வகைக்கு மாற்றும் முன், அவை கண்ணாடி போன்ற ஒரு பட்டைக்குப் பின்னால் இருந்தன. மூக்கைச் சுற்றிப் படரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அது. ஃபியோரவாந்தி வரைந்தது அந்த முகத்தைத்தான்.