பேஸ் கிட்டாருக்கு ஒரு தம்பூராப் பெட்டி

பேஸ் கிட்டாரில் மோடு (ஒரே ஏழு சுரங்களை வேறுவேறு சுரத்தில் தொடங்கி வாசிக்கும் வகைகள்) பழக நான் வாங்கிப் போட்ட சாமான்களில் உருப்படியானது ஒன்றுதான்: பாட்டு வாத்தியார்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளும், ஷட்ஜமும் பஞ்சமமும் ஓயாமல் ஒலிக்கும் எலக்ட்ரானிக் தம்பூரா. கிட்டார் கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். வீணை, மிருதங்கம் விற்கிற கடைக்குப் போங்கள்.

சி மேஜரின் அதே ஏழு சுரங்களை டி-யில் தொடங்கினால் டோரியன் என்று சொல்லிக்கொடுப்பார்கள். விரல் சரியாகப் போகும். காது மட்டும் சி-யை விட்டு நகராது. பெட்டியை ரெண்டு கட்டையில் ஓட விட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. டி-தான் ஷட்ஜம், வேறு பேச்சே கிடையாது. ஏ கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் டி-யை வாசித்துவிட்டு, ஜி கம்பியின் நாலாவது ஃப்ரெட்டைத் தொடுங்கள். அது பி, டோரியன், அதாவது நம்ம கரகரப்பிரியா. ஒரு ஃப்ரெட் இறங்கினால் பி ஃப்ளாட்; ஏயோலியன், நடபைரவி. மற்ற ஆறு சுரமும் அப்படியே இருக்க, ஒரே ஒரு தைவதத்தில் ராகத்தின் முகமே வாடிப்போகும். எந்தச் சார்ட்டும் எனக்கு இதைக் காட்டவில்லை.

லோக்ரியனுக்கு (அதே சுரங்களை பி-யில் தொடங்கும் மோடு) மட்டும் பெட்டியில் பஞ்சமத்தை எடுத்துவிட்டு மத்திமம் வைக்க வேண்டும். அந்த மோடில் பஞ்சமமே கிடையாது. 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகப் பட்டியலில் அதற்கு இடமில்லாமல் போனதும் அதனால்தான். லிடியனுக்கு, அதாவது கல்யாணிக்கு, மறக்காமல் பஞ்சமத்துக்குத் திரும்பிவிடுங்கள்; அதில் வருவது பிரதி மத்திமம், பெட்டியில் சுத்த மத்திமம் ஓடினால் கொடூரம்.

கூடவே வாசித்துப் பழகுவதற்கான யூடியூப் பேக்கிங் டிராக்குகளில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பேஸ் ஓடிக்கொண்டிருக்கும், நாம் அதோடு முட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டியின் குட்டி ஸ்பீக்கரில் கீழ்ச் சத்தம் வராது. பாட்டுக்காரருக்கு அது குறை, நமக்கு வசதி.

குறை இல்லாமலா? என்னுடையது திருகு வைத்த பழைய மாடல். சூடானதும் சுருதி லேசாக நழுவும், ஃப்ரெட் உள்ள கிட்டாரில் அது உடனே காதில் குத்தும். டிஜிட்டல் மாடலில் இந்தத் தொல்லை இல்லை. செல்போன் ஆப்பும் இதே வேலையைச் செய்யும், நடுவில் யாரும் போன் பண்ணாத வரை. எதை வாங்கினாலும் மத்திமம் மாற்றும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் கேட்டுவிடுங்கள்.